பழசிலிருந்து புதுசுக்கு

மூன்று சதவீதம். மணி இரண்டு நாற்பது. ஒரு சதவீதத்துக்கு ஒன்றரை நிமிஷம் வைத்தால் அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே முடிந்துவிடும், அப்புறம் இந்தப் பழைய டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு பியூலாவைக் கூப்பிட்டு இந்த நாற்காலியில் உட்கார வைத்து, ‘ம், உன் சிலந்திப் படத்தைத் திற பாக்கலாம்’ என்று சொல்ல வேண்டும், அவள் மவுஸைத் தொட்டதும் படம் பட்டென்று வந்து நிற்க வேண்டும், அப்போது அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும். பழையதில் ஒரு படம் திறப்பதற்குள் அவள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். பதினாலு வருஷமாக என் பெண்டாட்டி, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறவள், ஒரு நாளாவது ‘எனக்கு நல்ல கம்ப்யூட்டர் வாங்கித் தாங்க’ என்று கேட்டதில்லை, நானாகத்தான் வாங்கினேன், கேபினெட் தனி, மதர்போர்டு தனி, மெமரி தனி என்று ஒவ்வொன்றாக வரவழைத்து, இன்று கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த வேட்டியைக்கூட மாற்றாமல் தரையில் செய்தித்தாளை விரித்து நானே கோத்தேன். பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே நீல வெளிச்சம். வேண்டாம் என்றால் அணைத்துக்கொள்ளலாம், ஆனால் யாருக்கு அணைக்க மனசு வரும். பழைய கம்ப்யூட்டரின் ஹார்டுடிஸ்க்கை மட்டும் கழற்றி ஒயர் மாட்டி வெளியே வைத்திருக்கிறேன், அதிலிருப்பதை அப்படியே புதுசுக்கு நகல் எடுக்கிற புரோகிராம்தான் இந்தக் கறுப்புத் திரையில் ஓடுகிறது. டிஸ்க் முனகுகிறது. ஹாலிலிருந்து பியூலா, “ஏங்க, எவ்வளவு ஆயிருக்கு?” என்றாள். “மூணு.” “மூணா! சாப்பிட்டு எந்திரிக்கதுக்குள்ள முடிஞ்சிரும்னு சொன்னீங்க?” “முழு டிஸ்க்கும் இம்மி விடாம போகுதுளா, சும்மாவா?” என்றேன். அவள் சாப்பாட்டு மேசைமேல் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குப்பிகளைப் பரப்பி லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நான்கு. ஃபேன் சத்தமே இல்லை, அதுதான் நல்ல கேபினெட்டுக்கு அழகு, என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன், மதர்போர்டின் நடுவில் புதிய டிஸ்க், சூயிங்கம் தகடு அளவுதான், ஒரு திருகாணியில் படுத்திருந்தது. அது போர்டிலேயே இருக்கிறது. பழசு ஒயரில் தொங்குகிறது. போர்டில் இருப்பதைத்தானே புரோகிராம் முதலில் காட்டும். ஒயரில் இருப்பது இரண்டாவதாகத்தானே வரும். அப்போது நான் எதை. ஒரு நிமிஷம். திரையில் இரண்டு வரி வந்தது, இரண்டிலும் ஒரே அளவு, தொள்ளாயிரத்து முப்பத்தொன்று ஜிபி, தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, சரிக்குச் சரி இருக்கட்டும் என்று நானே தேடி வாங்கின அளவு. எதிலிருந்து என்று கேட்டது. முதல் வரியை அழுத்தினேன். எதற்கு என்று கேட்டது. இரண்டாவது வரி. ஏனென்றால் பழசுதான் இந்த வீட்டுக்கு முதலில் வந்தது, பழசு ஒண்ணு, புதுசு ரெண்டு, என் மண்டைக்குள் அப்படித்தான் வரிசை. போர்டுக்கு என் மண்டை வரிசை தெரியுமா? இரண்டாவதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. நிச்சயமாக. படித்தேனா? படிக்கவில்லை, பத்து வருஷமாக இந்தக் கேள்வியைப் பார்த்துப் பார்த்து விரல் தானாகப் போய்விட்டது. சபை மாத இதழின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது வருஷமாகக் கணினிக் குறிப்புகள் எழுதுகிறவன் நான், போன கிறிஸ்துமஸ் இதழில்கூட, ‘சம்மதம் என்ற பொத்தானை அழுத்துமுன் ஒரு முறைக்கு இரு முறை வாசியுங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். அடப்பாவி. புதுசில் ஒன்றுமே கிடையாது. வெறும் டிஸ்க். அந்த வெறுமையை எடுத்து பியூலாவின் ஆறு வருஷத்துக்கு மேல் இழுத்துப் பூசிக்கொண்டிருக்கிறேனா?

நிறுத்து. எஸ்கேப் பொத்தான் இடது மூலையில் இருக்கிறது, ஒரு தட்டு தட்டினால் போதும். யோசி எபனேசர், நிதானமாக யோசி. நான் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன் என்று வை, இப்போது நிறுத்தினால் நஷ்டம் ஆறு நிமிஷம், மறுபடி ஆரம்பிக்கலாம். தப்பாகக் கொடுத்திருக்கிறேன் என்று வை, இப்போது நிறுத்தினால் மிச்சம் பிழைக்கும். இந்தப் பக்கம் பார்த்தாலும் நிறுத்து, அந்தப் பக்கம் பார்த்தாலும் நிறுத்து. ஒண்ணாப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். வலது கை மவுஸ்மேல் இருக்கிறது, இடது கை தொடைமேல் இருக்கிறது, இரண்டும் யாரோ வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருக்கின்றன. போர்டுக்கு போர்டு வரிசை மாறும், அதுவும் உண்மைதான், சில போர்டில் ஒயர்தான் முதலில் வரும், நானே பார்த்திருக்கிறேன், ஆபீஸில் போன வருஷம் வந்த கம்ப்யூட்டரில் அப்படித்தான் வந்தது. வந்ததா? வந்தது. அப்போது பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதி என்றால் நிறுத்தத்தானே வேண்டும், சனியனே. நிறுத்தினால் தெரிந்துவிடும். ஆமாம், அதுதான். ஓடுகிற வரைக்கும் இரண்டு டிஸ்க்கிலும் எல்லாமும் இருக்கிறது. நிறுத்தின அடுத்த நொடி எது உண்மை என்று திரை சொல்லிவிடும், நான் எழுந்து போய் ஹாலில் உட்கார்ந்திருக்கிறவளிடம் அதைச் சொல்ல வேண்டும். ஆறு.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. நினைக்கிறேன். பதினோராயிரம் படம். பொருநை ஆற்றங்கரை வயல்களில் ஆறு வருஷமாகக் காலை ஆறு மணிக்குக் குனிந்து குனிந்து அவள் எடுத்த சிலந்திகள். எட்டுக்கால் பூச்சி என்றால் கோபம் வரும் அவளுக்கு, பூச்சிக்கு ஆறு கால்ங்க, இது பூச்சியே இல்லை, என்பாள். ஒவ்வொன்றுக்கும் கால் நீளம், வலையின் அகலம், எந்த வயல், எந்தப் பூ, என்ன கிழமை. ஆய்வேட்டின் எழுத்து பேப்பரில் இருக்கிறது, அவளுடைய கைடு ராஜாமணி மேடம் பேப்பரில்தான் திருத்துவார்கள், ஆனால் படமும் அளவும் இதில் மட்டும்தான். அந்த வயல்களில் பாதி இப்போது பிளாட் போட்டுக் கல் நட்டுக் கிடக்கிறது, மறுபடி போய் எடுக்கச் சிலந்தியும் இல்லை, வயலும் இல்லை. வியாழக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். ஜூனில் கல்லூரி திறக்கும்போது டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்கு வகுப்பு கிடையாது என்று நிர்வாகம் எழுதியே கொடுத்துவிட்டது, அவளுக்கு நாற்பத்தொன்று, இனி எந்தக் கல்லூரியில் போய் நிற்பாள். ரெண்டு மாதம் முன்னால், “ஒரு பென்டிரைவ் வாங்கித் தாங்க, இதெல்லாம் ஒண்ணு எடுத்து வச்சிக்கிடுதேன்” என்றாள். நான் என்ன சொன்னேன்? “நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு பென்டிரைவ்?” நெட்டில் ஏற்றி வைக்கட்டுமா என்றாள். “உன் ஆராய்ச்சிய எவனாவது சுட்டுட்டுப் போறதுக்கா?” வாய். என் வாய்க்குத்தான் பூட்டு போடணும். புதுசு மாற்றுவதையும் அவள் வேண்டாமென்றுதான் சொன்னாள், “சப்மிஷன் முடியட்டும், பெறவு மாத்திக்கிடுவோம்,” கெஞ்சினாள் என்றே சொல்லலாம். எனக்குப் பொறுக்கவில்லை. வந்த பெட்டியைப் பிரிக்காமல் நாலு நாள் என்னால் படுக்க முடியவில்லை, இதுதான் உண்மை, அவளுக்காக என்று ஊரெல்லாம் சொல்லலாம்.

பதினொன்று. கேள், இன்னும் ஒன்றும் போகவில்லை. பழைய டிஸ்க்கை சி, டி என்று இரண்டாக நான்தான் பிரித்து வைத்தேன், சி முதலில், இருநூறு ஜிபி, அதில் விண்டோஸ் மட்டும். டி அதற்கப்புறம். ‘உங்கள் கோப்புகளை சி-யில் வைக்காதீர்கள், டி-யில் வையுங்கள்’, இதுவும் நம் குறிப்புதான். அவள் சிலந்தியெல்லாம் டி-யில். இருநூறு என்பது இருபத்தொரு சதவீதம். அதுவரைக்கும் அழிந்தாலும் விண்டோஸ்தான் அழியும், போனால் போகிறது, பத்து பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லாத பொருள். அப்போது இருபத்தொன்று வரை நேரம் இருக்கிறது. கால் மணி நேரம் இருக்கிறது. இதை நினைத்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், நாற்காலியில் சாய்ந்தேகூட உட்கார்ந்துவிட்டேன். இருபதில் நிறுத்துவேன். இருபதில் கட்டாயம். எனக்கு எப்போதும் இப்படித்தான், கல்யாணமான புதுசில் தூத்துக்குடிக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போகப் புதுப் பஸ் ஸ்டாண்டில் அவசர அவசரமாக நான் ஏற்றிவிட்டது நாகர்கோவில் பஸ், நாங்குநேரி போர்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எழுந்து ‘அண்ணாச்சி நிறுத்துங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பியூலா பட்டுச்சேலையில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், பஸ் முழுக்க ஆள், கூட்டத்தில் அப்போதுதான் வந்த கண்டக்டரிடம் நாகர்கோவில் என்றே டிக்கெட் வேறு வாங்கிவிட்டேன், அடுத்த ஸ்டாப்பில் இறங்கலாம், அடுத்த ஸ்டாப்பில் இறங்கலாம் என்று வள்ளியூர் தாண்டி, ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாடிகளெல்லாம் தாண்டி நாகர்கோவிலே வந்துவிட்டது. அவள் கண் விழித்து, “இது எந்த ஊரு?” என்றாள். ‘கல்யாண வீடு யாருக்கு வேணும், உனக்கு முக்கடல் காட்டலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன்’ என்றேன். அதை இன்றைக்கும் அவள் தங்கச்சிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், எங்க வீட்டுக்காரங்க மாதிரி யாருக்குக் கிடைக்கும் என்று. எனக்கு அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல் இருக்கும்.

பத்தொன்பதில் அவள் வந்தாள். கதவருகே நின்றுகொண்டு போனில் பேசினாள், காதில் போன், ஒரு கையில் எனக்கு டீ. “ஆமா மேடம், கம்ப்யூட்டர் மாத்திக்கிட்டிருக்காங்க. இல்ல மேடம், பயமெல்லாம் இல்ல. எங்க வீட்டுக்காரங்கதான் பாக்காங்க.” டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டு, போன் வாயைக் கையால் மூடிக்கொண்டு, “ராஜாமணி மேடம் கேக்காங்க, நாளைக்குப் படத்தோட வரலாமாம், வாரேன்னு சொல்லட்டுமா?” என்றாள். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்? கழுத்து தானாக ஆடுகிறது, விரல் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. அவள் போய்விட்டாள். இருபது. இப்போது. டீ ஆடை கட்டுகிறது. இப்போது அழுத்தினால், டீயை இப்போதுதானே கொண்டுவந்து வைத்தாள், மேடத்திடம் இப்போதுதானே சொன்னாள், ஒரு ரெண்டு நிமிஷம் போகட்டும், அவள் போனை வைக்கட்டும். ஆபீஸில் அதிகாரி எதையாவது கேட்டால் ‘தெரியாது சார்’ என்று நான் சொன்னதே கிடையாது, ‘இதோ சார்’ என்று சொல்லிவிட்டு கக்கூஸுக்குப் போய் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து செய்துகொடுப்பேன், ‘எபனேசருக்குத் தெரியாதது உண்டா’ என்பார்கள், கக்கூஸ் சுவருக்குத் தெரியும். இருபதுதான் இன்னும். டிஸ்க் அதே முனகல். படிக்கும்போதும் இதே சத்தம், எழுதும்போதும் இதே சத்தம், காதை அதன் முதுகில் வைத்துக் கேட்டேன், சுட்டது, ஒன்றும் பிடிபடவில்லை. நிமிர்ந்தால் இருபத்திரண்டு.

இருபத்தொன்றை நான் பார்க்கவேயில்லை. சரி, ஒரு சதவீதம்தானே, ஒரு சதவீதம் என்றால் நூறு படம், இருநூறு படம், முதல் வருஷத்துப் படம், அதெல்லாம் கலங்கலாகத்தான் எடுத்திருப்பாள். என்ன மனுஷன் நான். ஜெபம் பண்ணலாமென்று கண்ணை மூடினேன், என்னவென்று கேட்பது, நடக்கப்போவதைக் கேட்கலாம், இரண்டு முப்பத்தைந்துக்கு என் விரல் எங்கே இருந்தது என்பதை மாற்றித் தாரும் ஆண்டவரே என்று எப்படிக் கேட்பது, கேட்டேன், வெட்கமில்லாமல் அதையும் கேட்டேன். முப்பது வரட்டும், முப்பது முழு எண், முப்பதில் நிறுத்தலாம். முப்பத்தொன்றில் போன் அடித்துக் குதித்தது, எங்கள் தெரு வாட்ஸ்அப்பில் பொன்னுத்துரை சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ‘தம்பி, கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ, என்ன செய்யலாம்?’ என்று கேட்டிருந்தார். என் கை அப்போது நன்றாகவே வேலை செய்தது, இதை யாரிடம் போய்ச் சொல்வது. ஒரே மூச்சில் அடித்தேன், ‘சார், தேவையில்லாத புரோகிராம்கள் தானாக ஆரம்பிப்பதை நிறுத்துங்கள், தூசி தட்டுங்கள், மெமரி எட்டு ஜிபியாவது போடுங்கள், பழைய ஹார்டுடிஸ்க்கை மாற்றினால் ஜெட் வேகம்தான், எதைச் செய்தாலும் முதலில் இரண்டு இடத்தில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.’ அவர் கும்பிடு போட்ட கை இரண்டு அனுப்பினார். கீழே நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நான் அந்தக் கட்டைவிரல்களை எண்ணிக்கொண்டிருந்தபோது முப்பத்தாறு.

அப்புறம் நிறுத்துவதற்கே அர்த்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தப்பென்றால் போனது போய்விட்டது, மிச்சம் எதற்கு. சரியென்றால் இவ்வளவு தூரம் வந்துவிட்டதே, ஏன் நிறுத்த வேண்டும். முன்னே இரண்டு பக்கமும் நிறுத்து என்று சொன்ன அதே கணக்கு இப்போது இரண்டு பக்கமும் விடு என்று சொல்கிறது, கணக்கு மாறவில்லை, நான்தான் பயத்துக்குத் தகுந்தபடி படிக்கிறேன் என்று தெரிகிறது, தெரிந்து என்ன. நாற்பத்திரண்டு. முதுகில் சட்டை ஒட்டிவிட்டது. ஹாலில் அவள் பாட்டு முனகுகிறாள், சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் வருகிற முனகல், குப்பிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைக்கிற டக், டக். நாற்பத்தேழு. எழுந்து கரண்ட் மெயினை அணைத்தால் கரண்ட் போய்விட்டதென்று சொல்லலாம், மின்வாரியத்தின் தலையில் போட்டுவிடலாம், பெரிய யோசனை, யுபிஎஸ் வாங்கி மாட்டியிருப்பதும் நான்தான். ஐம்பது. அவளைக் கூப்பிடு. பியூலா என்று மூன்றெழுத்து, வாயைத் திற. டீ டம்ளரை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தேன். அவள் அடிக்கவா போகிறாள், கத்தக்கூட மாட்டாள், கத்தினால் பரவாயில்லையே, என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அதில் இத்தனை நாளாக இருந்த ஒன்று இருக்காது. அதற்குத்தான் பயம், சிலந்திக்கல்ல, வேலைக்கல்ல, என் மூஞ்சிக்கு. ஐம்பத்தைந்து. தூ.

“என்ன, டீய அப்படியே வச்சிருக்கீங்க?” பியூலா என் பின்னால் வந்து நின்றாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், விரலில் லேபிள் பசை. கண்ணாடிக்குள் நீல வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தாள். “நல்லாத்தான் இருக்கு. இதுல எதுலேருந்து எதுக்குப் போகுது?”

ஒரு கேள்விதான். ஒரு பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள். என்னால் எந்தப் பக்கமும் விரலை நீட்ட முடியவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், ஐம்பத்தெட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்தாள், அவள் சிரிப்பு போவதற்கு முன்னால் என் இடது கை எழும்பிப்போய் எஸ்கேப்பைத் தட்டிவிட்டது. அவ்வளவு சுலபமாக. திரை ஒரு கணம் கறுத்து, இரண்டு டிஸ்க்கையும் வரிசையாகக் காட்டியது. முதல் வரியில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வரியிலும் ஒன்றும் இல்லை.

“எங்க, என் ஃபோல்டர்லாம்?” என்றாள்.

“மாத்திக் கொடுத்துட்டேன் பியூலா. புதுச எடுத்துப் பழசு மேல போட்டுட்டேன்.” என் குரல்தானா அது.

அவள் விரலில் இருந்த பசையை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, “எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?” என்றாள்.

நாலு. நாலு சதவீதத்தில். நாலு என்பது வாய்க்குள் வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் நிற்கிறது.

“இப்பத்தான்,” என்றேன்.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. எழுந்து போய்ப் போனை எடுத்து வந்தாள், யாரையோ கேட்டு, அவர் இன்னொருவரைச் சொல்லி, மதுரையில் அழிந்த டிஸ்க்குகளை மீட்டுக் கொடுக்கிற ஒருவரின் நம்பரைப் பிடித்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் அவரும் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டாள். டிஸ்க் எப்படிப் பிரித்திருந்தது, எது வழியாக நகல் எடுத்தது என்று அவர் கேட்கக் கேட்க, நான் சொல்லச் சொல்ல, அவள் அதை அவருக்குச் சொன்னாள். கடைசியாக ஐம்பத்தெட்டு சதவீதம் என்று சொன்னாள்.

“கஷ்டம் மேடம். மிச்சம் இருக்கிற பகுதியில ஏதாவது கிடக்கான்னு பாக்கலாம், அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே, ஒரு பத்து, பதினஞ்சுல நிறுத்தியிருந்தா உங்க டி டிரைவ் மொத்தமும் எடுத்துக் கொடுத்திருப்பேன். அம்பத்தெட்டு வரைக்கும் ஏன் விட்டீங்க?”

“தெரிஞ்ச நிமிஷமே நிறுத்திட்டாங்க சார்,” என்றாள் பியூலா. “அதுல அவங்க ரொம்பக் கவனம். என் கண்ணு முன்னாலதான் நிறுத்தினாங்க.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் அழுதுகொண்டிருப்பது அவள் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

“விடுங்க,” என்றாள். “நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?”

நான் இல்லையென்று தலையாட்டினேன்.